என்னைய யோசிக்க வச்ச புத்தகங்க: சுங்கை சிப்புட்டுலேர்ந்து ஒரு வீடியோக்காரன்

ரொட்டிபாய் மகன்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எல்லாரும் பசியாறியாச்சா.

கொஞ்ச நாளா வீடியோவுக்குக் கீழ ஒரே கேள்வியா வருது, "பாய், உங்க யோசனைய மாத்துன புத்தகம் எது"ன்னு. ரெண்டு வரியில பதில் போட பார்த்தேன், முடியல, அதான் இங்க நீளமா எழுதுறேன். தெரியாதவங்களுக்காக சொல்றேன், நான் மலேசியாவுல சுங்கை சிப்புட், ஆறு வருஷமா தமிழ்லயும் கொஞ்சம் மலாய்லயும் வீடியோ போடுறேன். தோட்டத்து சரித்திரம், நம்ம தமிழ் முஸ்லிம் சாப்பாடு, ரமலான் வந்தா மார்க்க விஷயம்னு எல்லாம் கலந்து வரும்.

எங்க அத்தா ரொட்டி பாய். மோட்டார் பின்னால பெட்டி கட்டிகிட்டு விடியக்காலைல தோட்டம் தோட்டமா போவாரு, ஹாரன் சத்தம் கேட்டா லயத்து, தோட்டத்து வரிசை வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் ஓடி வரும். ஞாயித்துக்கிழமை ரொட்டியோட பேப்பரும் கொண்டு போவாரு, விக்காம மிஞ்சினது எனக்கு. தமிழ் நேசன் ஞாயிறு கதையெல்லாம் நான் கயா ரொட்டி வாசனையோட படிச்சதுதான். 1924ல ஆரம்பிச்ச பேப்பரு, 2019 ஜனவரியோட நின்னுபோச்சு. அத்தா அதுக்கு முன்னாடியே மவுத்தாயி போய்ச் சேந்துட்டாரு.

புத்தகத்துக்கு வர்றதுக்கு முன்னாடி நான் செஞ்ச ஒரு தப்ப சொல்லியாகணும், அது இல்லன்னா மத்தது புரியாது. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி வாட்சப்புல ஒரு குரல் பதிவு வந்துச்சு, பக்கத்துத் தோட்டத்துல செம்பனை (எண்ணெய்ப் பனை) மறுநடவு பண்றாங்க, அங்க இருக்கிற பழைய சூராவ, சின்னத் தொழுகைக் கூடத்த, இடிக்கப் போறாங்க, நாளைக்கு காலைல மெஷின் வருதுன்னு. அத்தா ரொட்டி வித்துட்டு வர்ற வழியில லுஹர் தொழுவுற சூராவ் அது. எனக்கு ரத்தம் கொதிச்சுருச்சு, போன எடுத்து வச்சு நாலு நிமிஷம் பேசி அப்படியே ஏத்திட்டேன், விடியறதுக்குள்ள அம்பதாயிரம் பேரு பார்த்துட்டாங்க. காலைல போய் நின்னா மெஷினும் இல்ல ஒண்ணும் இல்ல. சூராவுக்குப் பின்னால இருந்த இடிஞ்ச ஸ்டோரத்தான் பிரிக்கிறாங்க, சூராவுக்கு புதுக் கூரை போட தகரம் வந்து இறங்கியிருக்கு. அதுக்குள்ள என் வீடியோவ பார்த்துட்டு யாரோ அங்க தோட்டத்து மேஸ்திரியா இருக்கிற மண்டோர் வீட்டு வாசல்ல போய் கத்தியிருக்காங்க, அவரு சின்னப் பிள்ளை பயந்துபோய் அன்னிக்கு பள்ளிக்கூடம் போகல. நான் போய் மன்னிப்பு கேட்டேன். "உங்க அத்தா எங்களுக்கு கடன்ல ரொட்டி குடுத்தவரு தம்பி"ன்னு மட்டும் சொன்னாரு அந்த அண்ணன், வேற ஒண்ணும் சொல்லல.

குர்ஆன்ல ஹுஜுராத் சூரா (அத்தியாயம்) ஆறாவது வசனம், நம்பத்தகாத ஒருத்தன் ஒரு சேதி கொண்டு வந்தா நல்லா விசாரிச்சுக்கோங்க, இல்லன்னா அறியாம ஒரு கூட்டத்துக்கு தீங்கு செஞ்சிட்டு அப்புறம் வருத்தப்படுவீங்கன்னு வரும். பத்து வயசுலேர்ந்து ஓதுறேன். அன்னிக்கு அசர் தொழுகைக்கு அப்புறம்தான் அர்த்தத்தோட படிச்சேன்.

அதுக்கப்புறம் ஆறு மாசம் வீடியோவே போடல. படிச்சேன். முதல்ல ஹதீஸ், நபி சொன்னது செஞ்சதப் பத்தின சேதிங்க. ஹதீஸுக்கு முன்னால இவர் அவர்கிட்ட கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார்னு பேரு பேரா வரும்ல, சனது, அத நான் எப்பவும் தாண்டித் தாண்டி படிக்கிறவன். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே இந்த மக்கள் ஊர் ஊரா போய், சொன்னவன் யாரு, அவன் நிஜமா அவர பார்த்தவனா, ஞாபக சக்தி எப்படி, பொய் பேசுறவனான்னு ஒவ்வொருத்தரையும் விசாரிச்சு எழுதி வச்சிருக்காங்க. இமாம் புகாரி 810ல பிறந்து 870ல இறந்தவரு, வாழ்க்கைய பூரா இதுக்கே குடுத்திருக்காரு. நான் ஒரு குரல் பதிவு யாரு குரல்னு கூட கேக்கல.

அடுத்தது இமாம் கஸ்ஸாலியோட அல்முன்கித் மினல் ளலால், வழிகேட்டுலேர்ந்து மீட்பு. சின்ன புத்தகம். பக்தாத் நிஜாமியா மதரஸாவுல பெரிய பதவி, நூத்துக்கணக்குல மாணவங்க, அந்த நேரத்துல தன் மனச தானே தோண்டிப் பார்க்கிறாரு, நான் பாடம் நடத்துறது அல்லாஹ்வுக்காகவா இல்ல பேருக்கும் புகழுக்குமான்னு. புகழுக்குத்தான்னு தெரியுது. விடவும் முடியல இருக்கவும் முடியல, கிட்டத்தட்ட ஆறு மாசம் இழுபறி, கடைசில நாக்கே எழும்பல, பாடம் சொல்லப் போனா வார்த்தை வரல, சாப்பாடு இறங்கல. 1095ல எல்லாத்தையும் விட்டுட்டு பக்தாத விட்டுக் கிளம்பிட்டாரு. கேமரா முன்னாடி உக்காந்து எத்தனை பேரு பார்த்தாங்கன்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து பார்க்கிற யாரா இருந்தாலும் அந்தப் பக்கங்கள படிச்சுப் பாருங்க.

முஹம்மது அஸதோட மக்காவுக்குப் போகும் பாதையும் இதே இடத்துலதான் என்னைய பிடிச்சுச்சு. 1900ல லெம்பர்க்ல யூதக் குடும்பத்துல பிறந்தவரு, பேரு லியோபோல்ட் வைஸ், பத்திரிகைக்காரரு. 1926ல பெர்லின்ல சுரங்க ரயில்ல போறப்ப எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சிய பார்க்கிறாரு, நல்ல துணிமணி, நல்ல சாப்பாடு சாப்பிட்ட உடம்பு, ஆனா ஒருத்தர் மூஞ்சிலயும் நிம்மதி இல்ல. வீட்டுக்கு வந்தா மேசை மேல குர்ஆன் திறந்திருக்கு, கண்ணுல பட்டது தகாஸுர் சூரா. இன்னும் வேணும் இன்னும் வேணும்கிற ஆசை உங்கள மறக்கடிச்சிருச்சு, கப்றுக் குழிக்குப் போற வரைக்கும்னு வர்ற சூரா. அன்னிக்குத்தான் அவரு முடிவு எடுக்கிறாரு. புத்தகம் வந்தது 1954ல.

இப்ப நம்ம மண்ணு. சையத் ஹுசேன் அலாத்தாஸ் எழுதின சோம்பேறி சுதேசி என்னும் கட்டுக்கதை, 1977. ஈப்போவுல ஒரு பழைய புத்தகக் கடையில மலாய் மொழிபெயர்ப்பு பன்னெண்டு வெள்ளி, அதாவது ரிங்கிட்டுக்கு கிடைச்சுச்சு, முதுகு பிஞ்சு ரப்பர் பேண்டு போட்டு வச்சிருந்தாங்க. நாம சின்ன வயசுலேர்ந்து கேட்டது என்ன? மலாய்க்காரங்க சோம்பேறி, சீனன் காசு பைத்தியம், நம்மாளு குடிகாரன். எல்லாரும் எல்லாரப் பத்தியும் இதத்தான் காப்பிக் கடையில பேசுறோம். இந்த மனுஷன் அந்த வார்த்தைக்கு சனது தேடிப் போறாரு! யாரு முதல்ல சொன்னது, அவனுக்கு என்ன லாபம்னு. மலாய்க்காரங்களுக்கு வயல் இருந்துச்சு, கடல் இருந்துச்சு, துரைமாருங்க தோட்டத்துல கூலியா வர மாட்டேன்னு நின்னாங்க, வராதவன சோம்பேறின்னு எழுதி வச்சாங்க. சுதந்திரத்துக்கு அப்புறமும் உள்ளூர் அரசியல்காரங்களே அதையே திருப்பி எழுதினத 1971ல வந்த ஒரு புத்தகத்த வச்சு பிட்டுப் பிட்டு வைக்கிறாரு. அத படிச்சப்ப எனக்கு எங்க பாட்டன் ஞாபகம்தான், சொல் பேச்சு கேப்பான்னு கப்பல்ல கொண்டு வந்து, அதே சொல் பேச்சு கேக்குறதுக்காக மட்டமா பேசுன துரைமாருங்க கூட்டம்தானே மலாய்க்காரங்களையும் சோம்பேறின்னுச்சு.

கடைசியா முன்ஷி அப்துல்லாவோட ஹிக்காயத் அப்துல்லா, 1843ல அச்சான புத்தகம். மலாய் இலக்கியத்துக்கு தகப்பன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க, அவரு நம்ம நாகூர் ரத்தம்னு யாரும் சொல்லல. மலாக்காவுல வசதியான வீட்டுப் பிள்ளைங்க கணக்கு வழக்குக்காக தமிழ் படிக்கிறது வழக்கம்னு, தன்னைய அத்தா தமிழ் படிக்க அனுப்பினாருன்னு அவரே எழுதியிருக்காரு. ராஃபிள்ஸ்கிட்ட எழுத்தரா வேலை பார்த்தாலும், ராஜாக்களப் பத்தியும் வெள்ளைக்காரனப் பத்தியும் நான் கண்ணால பார்த்தேன், இது கேள்விப்பட்டதுன்னு எழுதுற ஆளு. எனக்கு அவருதான் வாத்தியாரு.

நீங்க சொல்லுங்க, உங்களுக்கு எது?

கிந்தா வாத்தியார்

தம்பி வணக்கம். முப்பத்தோரு வருஷம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள்ல வேலை பார்த்தவன் நான். உங்க அத்தா மாதிரி ஒரு ரொட்டி பாய் எங்க தோட்டத்துக்கும் வருவாரு, பேரு கூட யாருக்கும் தெரியாது, பாய்தான். சம்பளம் போட்டாதான் காசு, அது வரைக்கும் சுவத்துல கரிக்கோடு.

உங்க பட்டியல் நல்லா இருக்கு, ஆனா ஒரு குறை சொல்றேன் கோவிச்சுக்காதீங்க. பாக்தாத் போனீங்க, பெர்லின் போனீங்க, சுங்கை சிப்புட்டுல இருந்துகிட்டு இந்த மண்ணுல தமிழ்ல எழுதின ஒருத்தர் பேரு கூட இல்லையே. சை.பீர்முகம்மதுவ எப்படி விட்டீங்க? உங்க சமூகத்து ஆளு, அத விட பெருசு, வேரும் வாழ்வும்னு மலேசியத் தமிழ்ச் சிறுகதைங்கள தேடித் தேடி தொகுத்துப் போட்டவரு. அத அவரு செய்யலன்னா பேப்பர்ல வந்த பாதிக் கதை வடை மடிச்சதோட போயிருக்கும். கா.பெருமாளோட துயரப்பாதை, சீ.முத்துசாமியோட மண்புழுக்கள், அ.ரெங்கசாமியோட நினைவுச்சின்னம். நினைவுச்சின்னம் சயாம் ரயில் கதை, 1942-43ல ஜப்பான்காரன் ரயில் பாதை போட நம்ம தோட்டத்து ஆளுங்கள பிடிச்சுகிட்டுப் போனது. எங்க பெரியப்பா போனவரு, திரும்பல. வீட்டுல அவரு போட்டோ கூட கிடையாது, அந்த நாவல்தான் எங்களுக்கு போட்டோ.

இன்னொண்ணும் சொல்றேன், புத்தகம் இல்லதான், ஆனா சொல்லணும். அலாத்தாஸ் சொன்ன சோம்பேறி கதை மாதிரி நம்மள பத்தி ஒரு கதை உண்டு, தோட்டத்தான் ஒத்துமையா ஒண்ணும் செய்ய மாட்டான்னு. நம்ம ஊருக்காரரு, மந்திரியா இருந்த சம்பந்தன் 1960ல நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாரே, துரைமாருங்க தோட்டத்த துண்டு துண்டா வித்துட்டு ஓடுறப்ப, ஆளுக்குப் பத்து வெள்ளி கட்டச் சொல்லி தோட்டத்தையே வாங்கினாங்களே, அதுல எங்கம்மா பங்கு உண்டு. ரப்பர் மரத்துல பால் வெட்டிட்டு, ஒட்டுப்பால் உருட்டி வித்த காசுல கொஞ்சம் கொஞ்சமா கட்டுனாங்க. அந்த ரசீது இன்னும் இரும்புப் பெட்டியில இருக்கு, ஓரத்துல பால் கறை கருப்பா ஒட்டியிருக்கும். இதப் பத்தி ஒரு வீடியோ போடுங்க தம்பி, ரசீது நான் தர்றேன்.

செம்பனை22

அண்ணே வணக்கம், நான் ஃபேக்டரில வேலை, ஷிஃப்ட்டு. உங்க வீடியோ எல்லாம் பார்ப்பேன். நான் தமிழ்ப்பள்ளி ஆறாவது வரைக்கும், அப்புறம் மலாய் ஸ்கூலு, இப்ப எந்த பாஷையுமே முழுசா வராத மாதிரி இருக்கு. தமிழ் புத்தகம் எடுத்தா பத்து பக்கத்துல தூக்கம், இங்கிலீஷ்னா ரெண்டு பக்கம். என்ன மாதிரி ஆளு எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

ரொட்டிபாய் மகன்

@கிந்தா வாத்தியார் ஐயா, நீங்க சொன்னது சரி, தப்பு என் மேலதான். வேரும் வாழ்வும் எங்கிட்ட இல்ல, கிடைச்சா குடுங்க, பத்திரமா திருப்பித் தர்றேன். அந்த ரசீத இந்த வாரமே வந்து பார்க்கிறேன், வீட்டுல எந்த நேரம் தோதுன்னு சொல்லுங்க.

@செம்பனை22 தம்பி, உனக்கு மால்கம் எக்ஸ். அவரோட சுயசரிதை, அலெக்ஸ் ஹேலிகிட்ட சொல்லி எழுதினது, 1965ல அவர சுட்டுக் கொன்ன அதே வருஷம் வந்துச்சு. அவரும் படிப்ப பாதில விட்டவரு, திருட்டுக் கேசுல ஜெயிலு. ஜெயில்ல ஒரு புத்தகத்த எடுத்தா பாதி வார்த்தை புரியல. என்ன பண்ணாரு தெரியுமா, அகராதிய எடுத்து முதல் பக்கத்துலேர்ந்து பார்த்துப் பார்த்து நோட்டுல எழுதுனாரு, புள்ளி கமா உட்பட. முதல் பக்கம் எழுதவே ஒரு நாள் ஆச்சு. அப்படியே அடுத்த பக்கம், அடுத்த பக்கம். ராத்திரி பத்து மணிக்கு விளக்க அணைச்சப்புறம் வராந்தா வெளிச்சம் உள்ள விழுற இடத்துல தரையில உக்காந்து படிப்பாரு, மணிக்கு ஒரு தரம் காவல்காரன் வந்தா கட்டில்ல படுத்துத் தூங்குற மாதிரி, அவன் போனதும் திரும்ப தரை.

எனக்கு அதுல முக்கியமா பட்டது கடைசிப் பகுதி. வெள்ளைக்காரங்க எல்லாரும் ஷைத்தான்னு மேடை மேடையா பேசுனவரு, 1964ல ஹஜ்ஜுக்குப் போறாரு, அங்க வெள்ளைத்தோல் முஸ்லிமுங்களோட ஒரே தட்டுல சாப்பிடுறாரு, ஒரே விரிப்புல படுக்கிறாரு, உடனே கடிதம் எழுதுறாரு, நான் இது வரைக்கும் சொன்னத மாத்திக்க வேண்டியிருக்குன்னு. பின்னால நிக்கிற கூட்டத்துக்கு முன்னாடி நேத்து நான் சொன்னது தப்புன்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்னு அந்த சூராவ் வீடியோவ எடுத்துட்டு மன்னிப்பு வீடியோ போட்ட அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு, கை நடுங்கி மூணு தரம் எடுத்தேன். பாஷை பத்தி கவலைப்படாத, மலாய்ல உனக்கு ஓடும்னா மலாய்லயே ஆரம்பி.

பினாங்கு மரைக்கா

மாப்ளே, சலாம். எல்லாம் நல்லா எழுதியிருக்கீங்க, சனது பத்தி எழுதினதால நானும் ஒண்ணு சொல்லணும். ஹிக்காயத் அப்துல்லா 1843ல அச்சாகல. எழுதி முடிச்சது 1843. கல்லச்சுல சிங்கப்பூர்ல வந்தது 1849. அந்த ஆறு வருஷம் சும்மா இல்ல, நம்ம முன்ஷி அச்சுக்கூடத்துலயே வேலை பார்த்த மனுஷன், மிஷன்காரங்களோட சேர்ந்து கல்லச்சு எப்படி ஓட்டுறதுன்னு கத்துகிட்டவரு. எழுதத் தெரிஞ்சவனுக்கு அச்சும் தெரியணும்னு நினைச்ச ஆளு அந்தக் காலத்துலயே.

நாகூர் ரத்தம்னு சொன்னதும் பாதிதான். அவரு வம்சத்துல யேமன்லேர்ந்து வந்த அரபுக்காரர் ஒருத்தர், நாகூர்ல தமிழ்ப் பொண்ண கட்டிகிட்டாரு, அங்கேர்ந்து மலாக்கா. ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க. அவரு 1854ல ஹஜ்ஜுக்குப் போன பயணத்துலயே மவுத்து, அந்தப் பயணத்தையும் எழுதிகிட்டே போயிருக்காரு, முடிக்கல.

அந்தப் புத்தகத்துல குர்ஆன் பள்ளியில பிள்ளைங்களுக்குக் குடுத்த தண்டனைங்கள ஒண்ணு ஒண்ணா விவரமா எழுதியிருப்பாரு பாருங்க, என்ன கட்டை, எங்க கட்டுறது, எதுக்கு எந்த தண்டனைன்னு. நான் அறுபது வயசுல படிக்கிறப்ப கூட கை விரல் தானா மடங்குச்சு.

ரொட்டிபாய் மகன்

மாமா, ஜஸாக்கல்லாஹ் கைர். மேல இருக்கிறத மாத்தல, மாத்துனா நீங்க சொன்னது எதுக்குன்னு புரியாம போயிரும். 1843 எழுதி முடிச்சது, 1849 அச்சு. வீடியோவுல நான் தப்பா சொல்லியிருக்கேன், அதுக்குக் கீழயும் எழுதிட்டேன்.

ஜன்னலோரம்

நானா, சலாம். கூலிம்லேர்ந்து எழுதுறேன், நர்ஸ் வேலை. ராத்திரி டூட்டி முடிஞ்சு பஸ்சுக்கு நிக்கிறப்ப முழுசா படிச்சேன். புகாரி இமாம், கஸ்ஸாலி இமாம், அஸத், அலாத்தாஸ், முன்ஷி, மால்கம், வாத்தியார் சொன்ன நாலு பேரு. எண்ணிப் பார்த்தேன், பத்து. பத்தும் ஆம்பளைங்க. உங்க வீடியோவ பார்க்கிறதுல பாதி பேரு எங்கள மாதிரி பொம்பளைங்கதானே.

எனக்கு சல்மா. இரண்டாம் ஜாமங்களின் கதை, 2004. துவரங்குறிச்சியில வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்தி வீட்டுக்குள்ள வச்ச பொண்ணு, யாருக்கும் தெரியாம எழுதி எழுதி வெளிய அனுப்புனது. அந்த நாவல்ல பொம்பளைங்க மத்தியானம் கூடி உக்காந்து பேசுறத படிச்சப்ப எங்க பெரியம்மா வீட்டு பின்கட்டு அப்படியே கண்ணு முன்னால. நாம வெளிய சொல்லாத பேச்சு எல்லாம் தமிழ்ல அச்சுல இருக்கேன்னு ரெண்டு நாள் படபடப்பா இருந்துச்சு. நம்ம சமூகத்த கேவலப்படுத்திட்டாங்கன்னு சொல்றவங்க இருக்காங்க, எனக்கு அப்படித் தோணல, என்னைய ஒருத்தர் உக்கார வச்சு கேட்ட மாதிரிதான் இருந்துச்சு.

இன்னொண்ணு ஆமினா வதூதோட குர்ஆனும் பெண்ணும். அது முதல்ல அச்சானதே கோலாலம்பூர்ல, 1992ல, அவங்க இங்க இஸ்லாமிய பல்கலைக்கழகத்துல பாடம் நடத்திகிட்டு இருந்தப்ப. நம்ம நாட்டுலேர்ந்து உலகத்துக்குப் போன புத்தகம், நம்ம பிள்ளைங்களுக்கே தெரியாது.

மதரஸா தெரு

சகோதரி, சலாம். மரியாதையோட சொல்றேன், குர்ஆனுக்கு விளக்கம் சொல்றது யாரு வேணா செய்யிற வேலை இல்ல. நானா மேல எழுதின சனது விஷயமே அதுதானே. ஒரு உஸ்தாத்கிட்ட உக்காந்து, அவரு இன்னொருத்தர்கிட்ட உக்காந்து, இஜாஸா, அதாவது கத்துக் குடுக்க அனுமதி, வாங்கி வர்ற இல்மு, மார்க்க அறிவு. புத்தகத்த கடையில வாங்கி தனியா படிச்சு அர்த்தம் எடுத்தா வழி தப்பிரும். எனக்கு யோசனைய மாத்துன புத்தகம் சையத் நக்கீப் அல்அத்தாஸோட இஸ்லாமும் மதச்சார்பின்மையும், 1978. அலாத்தாஸோட கூடப் பிறந்தவருதான். இந்தக் காலத்து முஸ்லிமோட உள்நோய் அதப் இல்லாம போனதுன்னு அதுல சொல்வாரு, எதுக்கு எந்த இடம்னு தெரியாம போறது. வீடியோ போடுற எல்லாரும் மார்க்கத் தீர்ப்பு சொல்ற முஃப்தி ஆயிட்ட காலத்துல அதத்தான் நான் பிள்ளைங்களுக்கு சொல்றேன்.

ஜன்னலோரம்

நீங்க சொல்ற அதப் எனக்கும் வேணும் பாய். உஸ்தாத் வேணும், ஒத்துக்கிறேன். ஆனா எங்க தாமான், குடியிருப்புல பொம்பளைங்களுக்குன்னு வகுப்பு எங்க இருக்கு சொல்லுங்க? ஆம்பளைங்களுக்கு சுபுஹு தொழுகைக்கு அப்புறம் ஒண்ணு, மக்ரிபு தொழுகைக்கு அப்புறம் ஒண்ணு. எனக்கு உக்கார இடம் இல்லாதப்ப புத்தகம் ஒண்ணுதான் வீட்டுக்குள்ள வந்துச்சு. வதூத் சொல்ற எல்லாத்தையும் நான் ஏத்துக்கல, சில இடத்துல ஓரத்துல கேள்விக்குறி போட்டு வச்சிருக்கேன். கேள்விக்குறிய கொண்டு போய் கேக்க ஒரு ஆளு வேணும்தான் எனக்கும்.

மதரஸா தெரு

இது நியாயமான பேச்சு. எங்க பள்ளிவாசல் கமிட்டியில பேசுறேன் சகோதரி. சும்மா சொல்லல.

ரொட்டிபாய் மகன்

ரெண்டு நாளா யோசிச்சேன். தங்கச்சி சொன்னது எனக்கு நல்லா உறைச்சுது. சல்மாவ படிச்சிருக்கேன், சொல்லத் தயங்கி விட்டுட்டேன், கீழ வந்து யாராச்சும் திட்டுவாங்களோன்னு. அந்த பயத்துக்கு நான் மேல எழுதின ஒரு புத்தகமும் உதவல.

அப்புறம் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. நான் வாழ்க்கைல முதல்ல கையில தொட்ட புத்தகம் இதுல எதுவுமே இல்ல, எங்க நன்னியோடது. அத்தாவோட உம்மா. நாகப்பட்டணத்துலேர்ந்து கப்பல்ல வர்றப்ப கொண்டு வந்தது, பச்சைத் துணியில சுத்தி உறியில தொங்கும். ரமலான்ல அசருக்கு அப்புறம் லயத்து வாசல்ல உக்காந்து சத்தமா படிப்பாங்க, பக்கத்து வீட்டு முனியம்மா பாட்டி கூட புளியை கரைச்சுகிட்டே வந்து கேப்பாங்க. நான் அது குர்ஆன்னே நினைச்சிருந்தேன், அரபு எழுத்தா இருந்ததால. நன்னி மவுத்தாகறப்ப எனக்கு ஏழு வயசு.

நேத்து அலமாரி மேலேர்ந்து இறக்கினேன். முதல் பக்கம் இல்ல, பேரு தெரியல, யாரு எழுதினதுன்னு தெரியல. செல்லு அரிச்சு ஓரமெல்லாம் வலை மாதிரி இருக்கு. அது அரபுத்தமிழ்! அரபு எழுத்துல தமிழ். இத்தனை வருஷம் வீட்டுல வச்சுகிட்டு திறந்து பார்க்கல நான்.

நமக்கு சமயப் பள்ளியில ஜாவி சொல்லிக் குடுத்தாங்கல்ல, மலாய அரபு எழுத்துல எழுதுறது, அந்தப் பழக்கத்துல எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். ஜாவியில ப-வுக்கு ஃபே மேல மூணு புள்ளி போடுற மாதிரி, இதுலயும் அரபில இல்லாத தமிழ் ஓசைக்கு புள்ளி சேர்த்து புது எழுத்து பண்ணியிருக்காங்க. ஆனா ஜாவியில இல்லாத வசதி ஒண்ணு, ஒவ்வொரு எழுத்துக்கும் மேல கீழ உயிர்க்குறி போட்டிருக்கு. நோ... ன்... பு. நோன்பு! வாய்விட்டு படிச்சேன், வீட்டுக்காரி அடுக்களைலேர்ந்து என்னன்னு ஓடி வந்துட்டா. ஒரு மணி நேரத்துல நாலு வரி படிச்சிருக்கேன். நோன்பு வச்சிருக்கிறவங்க எதெல்லாம் செய்யலாம் எதெல்லாம் கூடாதுன்னு வருது.

ஒரு இடத்துல முட்டி நிக்கிறேன். "அடுப்பண்டை இருப்பவள்" இது தெளிவா இருக்கு. அடுத்த வார்த்தை அலிஃப், நூன், மீம். ஜாவி கண்ணுல அது எனாம், மலாய்ல எண் ஆறு. அப்புறம் "உப்பு பார்க்க நாவு நுனியில் வைத்து விழுங்காது துப்பில் நோன்பு முறியாது." ஆறு எங்கேர்ந்து வந்துச்சு? ஆறு தரம் உப்பு பார்க்கலாம்னா? அப்படி ஒரு சட்டம் நான் கேள்விப்பட்டதில்ல. உஸ்தாத்மாருங்க யாராச்சும் சொல்லுங்க.

மதரஸா தெரு

சமைக்கிறவங்க தேவைக்கு நாக்கு நுனியில ருசி பார்த்து துப்புறது, விழுங்காத வரைக்கும் நோன்பு முறியாது, அது சரியான சட்டம்தான். ஆறு தரம்னு கணக்கு எதுவும் கிடையாது. வேற வார்த்தையா இருக்கணும்.

கிந்தா வாத்தியார்

அந்த வரிய போட்டோ எடுத்துப் போடுங்க தம்பி. எனக்கு எழுத்து தெரியாது, ஆனா பார்க்கணும் போல இருக்கு.

ரொட்டிபாய் மகன்

போட்டிருக்கேன் ஐயா. மூணாவது வரி, வலது பக்கம். கொஞ்சம் கறை இருக்கு, எண்ணெய்க் கறை மாதிரி.

பினாங்கு மரைக்கா

மாப்ளே, பேரன விட்டு போட்டோவ பெருசாக்கச் சொல்லி கண்ணாடி போட்டு பார்த்தேன். அந்த நூன நல்லா பாருங்க. மேல ஒரு புள்ளி, கீழயும் ஒரு புள்ளி இருக்கு. கறைன்னு நினைச்சு விட்டுட்டீங்க. அது ந இல்ல, ண.

ஜன்னலோரம்

ஆணம்!!

நானா அது ஆணம்! எங்க வீட்டுல குழம்புக்கு இன்னைக்கும் ஆணம்னுதான் சொல்றோம். மீன் ஆணம், தேங்காப்பால் ஆணம். "அடுப்பண்டை இருப்பவள் ஆணம் உப்பு பார்க்க."

ரொட்டிபாய் மகன்

எங்க வீட்டுல இப்ப கறின்னுதான் சொல்றோம், லயத்துல எல்லாரும் சொன்னத பார்த்து மாறியிருக்கு போல. நன்னி ஆணம்னு சொல்வாங்க. இப்ப காதுல கேக்குது.

நாளைலேர்ந்து தினம் அஞ்சு வரி படிச்சு போட்டோவோட இங்க போடுறேன். மாமா புள்ளி பாருங்க, தங்கச்சி நீங்க அடுக்களை வார்த்தைய பாருங்க, மதரஸா தெரு பாய் சட்டத்த பார்த்துச் சொல்லுங்க. வாத்தியார் ஐயா, சனிக்கிழமை சாயங்காலம் ரசீது பார்க்க வர்றப்ப புத்தகத்தையும் கொண்டு வர்றேன்.